மோட்டார் வாங்கும் முன் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்ததும் வாசகர் பக்கங்களில் தண்ணீர்ப் புகார்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதைப் பார்க்கலாம். தெருவில் ஓடும் மெயின் குழாயிலிருந்து வீட்டு சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, தண்ணீர் ஏறவில்லை என்பது ஒன்று. மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குளியலறையில் ‘ஃபோர்ஸ்’ இல்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாம் தேடும் மருந்து ஒன்றுதான்: மோட்டார் கடை. முதலாவது சிக்கலுக்கு அது விதிமீறல், அடுத்த வீட்டுக்காரர் வயிற்றில் அடிப்பதும்கூட. இரண்டாவதற்குப் பெரும்பாலும் வீண் செலவு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாளி, ஒரு கடிகாரம், கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் டியூப் ஆகிய மூன்றும் போதும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதற்கு மேல் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. எந்தக் கம்பெனி ஷவர் வைத்தாலும் கிடைக்காது. ஓட்டம் என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. அதைத் தீர்மானிப்பது உயரத்தோடு குழாயின் உள்விட்டமும், வழியில் உள்ள எல்போ, வால்வு, ஜல்லடை எல்லாமும் சேர்ந்துதான். நம் வீடுகளில் அழுத்தம் குறைவாக இருப்பது இயற்கை. அந்தக் குறைந்த அழுத்தத்தையும் வழியிலேயே தின்றுவிடும் குழாய்களைப் போட்டிருப்பது நம் தவறு.

ஒரு சாதாரண வீட்டின் மேல்மாடியை எடுத்துக்கொள்வோம். அறைத் தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் பத்தரை அடி. அதன் மேல் இரண்டடி மேடை, மேடை மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி. ஷவர் தலை தரையிலிருந்து ஏழடி. தொட்டி காலியாகும் நிலையில் ஷவருக்குக் கிடைப்பது ஐந்தரை அடி, அதாவது 1.7 மீட்டர் உயரம், 0.17 பார். தொட்டி நிரம்பியிருந்தால் இன்னும் மூன்றடி சொச்சம் கூடும். கீழ்வீட்டுக்கு இதோடு ஒரு மாடி உயரம், அதாவது 0.3 பார் கூடுதலாகக் கிடைக்கிறது. கீழே குளிப்பவர் திருப்தியாகவும் மேலே குளிப்பவர் குவளையோடும் இருப்பதற்குக் காரணம் இதுதான். வாஷிங் மெஷின் கையேடுகள் பலவற்றில் 0.3 முதல் 0.5 பார் வரை குறைந்தபட்ச அழுத்தம் கேட்டிருப்பார்கள். மேல்மாடியில் மெஷின் தண்ணீர் பிடிக்க அரைமணி எடுத்துக்கொண்டு, பிழைக்குறி காட்டி நின்றுவிடுவதும் இதனால்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை.

இனி வாளி. ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, வாளியில் 10 லிட்டர் மட்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி பாதி இருக்கும்போது, வீட்டில் வேறெந்தக் குழாயும் திறக்காமல், ஒரு குழாயை முழுதாகத் திறந்து அந்தக் கோடு வரை நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வரும். 60 விநாடி என்றால் 10 லிட்டர். 100 விநாடி என்றால் 6 லிட்டர். ஷவரில் 8 லிட்டர் வந்தால் வசதியாகக் குளிக்கலாம். 5-க்குக் கீழே போனால் தலைக்குத் தேய்த்த ஷாம்பு போகாது. வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். எல்லாக் குழாயும் மந்தமா, ஒரு குளியலறை மட்டுமா, சுடுதண்ணீர் மட்டுமா என்பது அதில் இருக்கும்.

மந்தமான குழாயில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அளக்க வேண்டும். முதலில் குழாய் மூக்கில் திருகியிருக்கும் ஏரேட்டர் ஜல்லடையைக் கழற்றி அளங்கள். பிறகு வாஷ் பேசினுக்கு அடியில் உள்ள கனெக்‌ஷன் பைப்பை மேல்முனையில் கழற்றி, அதன் வாயை வாளிக்குள் விட்டு அளங்கள். அடுத்து அந்தப் பைப்பையே எடுத்துவிட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வால்வான ஆங்கிள் காக்கிலிருந்து நேராகப் பிடித்து அளங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று ஏறுகிறதோ, கடைசியாகக் கழற்றிய பொருள்தான் குற்றவாளி. ஆங்கிள் காக்கிலேயே ஓட்டம் இல்லை என்றால் கோளாறு சுவருக்குள்ளோ மாடியிலோ இருக்கிறது. குழாய் மாற்றுவதில் பணத்தைக் கரைக்காதீர்கள்.

போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் ஜல்லடையிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளை உப்புப் படிவு பிடித்திருக்கும். லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது குரோம் பூச்சையும் பித்தளையையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும் சேரக்கூடாது. நச்சு வாயு வரும். கனெக்‌ஷன் பைப்பைப் பொறுத்தவரை, வெளியே தடியாகத் தெரியும் அந்த ஸ்டீல் பின்னல் பைப்பின் உள்துளை ஏறக்குறைய ஒரு பென்சில் தடிமன்தான். முடிந்தவரை குட்டையானதாக வாங்குங்கள். சுருட்டி மடக்கிப் பொருத்தினால் உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும்.

குளிர்ந்த தண்ணீர் நன்றாக வந்து சுடுதண்ணீர் மட்டும் மந்தமென்றால், கீசரின் நுழைவாயில் உள்ள சேஃப்டி வால்வில் உப்பும் மணலும் அடைத்திருக்கும். மின்சாரத்தை மெயினிலேயே அணைத்து, ஆறவிட்டு, பிளம்பரைக் கொண்டு கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வால்விலிருந்து அவ்வப்போது சொட்டுகிறது என்று அதன் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அழுத்தம் வெளியேறும் வழி அது. அடைத்தால் கீசர் வெடிக்கலாம்.

புது வீட்டில் முதல் நாளிலிருந்தே மந்தம் என்றால் காரணம் வேறு. குழாய்க்குள் சிமென்ட் துணுக்கு, டெஃப்லான் டேப் நார், சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்பை அறுத்த தூள் எல்லாம் சேர்ந்து முதல் வால்விலேயே நின்றிருக்கும். குழாய்களைப் பொருத்துவதற்கு முன் எல்லா வாய்களையும் திறந்து, தொட்டித் தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் இந்தத் தொல்லையே வராது. பல இடங்களில் இதைச் செய்வதில்லை. பைப்பை ஒட்டும் சொல்யூஷனை பைப்பின் மேல் தடவாமல் ஃபிட்டிங்கின் உள்ளே வழிய வழியத் தடவுவது இன்னொரு வழக்கம். அழுத்திச் செருகும்போது அது உள்ளே சுருண்டு வளையம்போல் இறுகிவிடும். அரை இஞ்ச் பைப்பில் அப்படி நாலு வளையம் இருந்தால் எந்த மோட்டாராலும் சரிசெய்ய முடியாது.

திடீரென்று, நேற்று வரை நன்றாக வந்த குழாய் இன்று சொட்டுகிறது, அதுவும் தொட்டி கழுவிய மறுநாள் என்றால், அது ஏர் லாக். தொட்டியிலிருந்து புறப்படும் பைப் கைப்பிடிச் சுவரின்மேலோ பீமின்மேலோ ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று தேங்கி நின்றுவிடும். நம்மிடம் இருக்கும் ஒன்றரை மீட்டர் அழுத்தத்துக்கு அதைத் தள்ளும் வலு கிடையாது. உடனடித் தீர்வு: கீழ்த்தளத்தில் நல்ல அழுத்தம் உள்ள ஒரு குழாயிலிருந்து, உதாரணமாக மோட்டார் டெலிவரி லைனில் உள்ள குழாயிலிருந்து, ஓஸ் பைப்பால் அடைபட்ட குழாய் வாய்க்குத் தண்ணீர் கொடுத்து, காற்றை மேல்நோக்கித் தொட்டிக்கே தள்ளிவிடுவது. மாடியில் தொட்டிக்குள் குமிழி வந்து நின்றதும் நிறுத்திவிடலாம். ஓஸ் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கவும் போகிறோம். நிரந்தரத் தீர்வு, தொட்டி வால்வை அடுத்து ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்து, காற்று வெளியேற ஏர் பைப் ஏற்றுவது. அதன் வாய் தொட்டி மூடியைவிட ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் தொட்டி நிரம்பும்போதெல்லாம் அதன் வழியே கொட்டும். மொட்டை மாடியில் ஓடும் பைப் தொட்டியிலிருந்து கீழ்நோக்கியே சாய்ந்து போக வேண்டும். நடுவில் மேடு கூடாது. மேடு தவிர்க்க முடியாதென்றால் அந்த மேட்டின் உச்சியிலேயே இன்னொரு ஏர் பைப் வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஃபோர்ஸ் இல்லாமல் போவதற்கு முதல் காரணம் அரை இஞ்ச் பைப். அரை இஞ்ச் என்று பெயர் சொன்னாலும், சுடுதண்ணீருக்கும் பயன்படும் தடித்த சுவர் சி.பி.வி.சி. பைப்பின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் சொச்சம்தான். முக்கால் இஞ்சில் 18 மில்லிமீட்டர், ஒரு இஞ்சில் 23. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது 10 மீட்டர் நீளத்தில் அரை இஞ்ச் பைப் சுமார் 1.9 மீட்டர் அழுத்தத்தைத் தின்கிறது. அதே ஓட்டத்துக்கு முக்கால் இஞ்ச் தின்பது 0.3 மீட்டர். ஒரு இஞ்சுக்கு 10 சென்டிமீட்டர்கூட இல்லை. மேல்மாடி ஷவருக்கு நம்மிடம் மொத்தமே 1.7 மீட்டர் இருந்ததை நினைவில் வையுங்கள். அரை இஞ்ச் பைப் வரவை விட அதிகம் செலவு கேட்கிறது. எனவே 10 லிட்டருக்கு வழியே இல்லை, 5 லிட்டரில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு எல்போவும் ஏறக்குறைய அரை மீட்டர் நீளப் பைப்புக்குச் சமமான தடை. எட்டு எல்போ என்றால் நாலு மீட்டர் பைப்பைக் கூடுதலாகப் போட்டதுபோல.

ஒருவர் குளிக்கும்போது அடுக்களையில் குழாய் திறந்தால் ஷவர் செத்துப்போவதும் இதனால்தான். ஒரே பைப்பில் ஓட்டம் இரண்டு மடங்கானால் தடை இரண்டு மடங்காவதில்லை. மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. தொட்டியிலிருந்து ஒரு இஞ்ச் பைப் ஒன்றை மட்டும் இறக்கி, அதிலிருந்தே குளியலறை, கழிவறை, அடுக்களை என்று கிளை பிரிப்பது சிக்கனம் போலத் தெரியும். தொட்டி வாயில் ஒன்றரை இஞ்ச் ஹெடர், அதாவது கிளைகள் பிரியும் பொதுப் பைப், வைத்து, ஒவ்வொரு குளியலறைக்கும் அடுக்களைக்கும் தனித்தனி லைன், தனித்தனி வால்வு இறக்குவதே சரி. வால்வு முழுத்துளை பால் வால்வாக இருக்கட்டும். கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி இறங்கியபடியே நிற்கும். கைப்பிடி மட்டும் சுற்றும், திறந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். தொட்டி ஓட்டம் மொத்தமாகக் குறைந்த வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வால்வைத்தான்.

எந்தப் பகுதி பைப் தடுக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த மட்டம் பார்க்கும் டியூப். வாஷ் பேசின் ஆங்கிள் காக்கில் அதை இறுக்கமாகப் பொருத்தி, மறுமுனையைச் சுவரோடு மேலே தூக்கிப் பிடியுங்கள். உயரம் போதாவிட்டால் மேல் ஜன்னல் வழியாக வெளியே விட்டு ஏற்றுங்கள். காக்கைத் திறந்தால் டியூபில் தண்ணீர் தொட்டி மட்டத்தை நோக்கி ஏறி நிற்கும். இப்போது அதே குளியலறையின் ஷவரைத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் மட்டம் சற்றே இறங்கியும் ஷவர் மந்தமாக இருந்தால், கோளாறு ஷவர் கிளையில்: டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு), ஷவர் தலை, அல்லது சுவருக்குள் உள்ள துண்டு பைப். மட்டம் மளமளவென்று கீழே இறங்கிவிட்டால், தொட்டியிலிருந்து குளியலறை வரை உள்ள பொது லைன்தான் குறை. பல ஆயிரம் ரூபாய் செலவு எங்கே போக வேண்டும் என்பதை இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். பிரஷர் கேஜ் இதற்கு உதவாது. கடையில் கிடைக்கும் கேஜில் 0.2 பாருக்கு முள் அசைவதே தெரியாது.

பொது லைன் என்று தெரிந்தால் பலரும் டைல்ஸை உடைக்க வேண்டுமே என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் உடைக்க வேண்டியதில்லை. தடை நீளத்துக்குத் தக்கபடி வருவது. மொத்தம் 12 மீட்டர் அரை இஞ்ச் பைப்பில் 10 மீட்டர் மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் ஓடுகிறது, 2 மீட்டர் மட்டும் சுவருக்குள் இருக்கிறது என்று வையுங்கள். 10 லிட்டர் ஓட்டத்துக்கு இந்த லைன் 2.3 மீட்டர் அழுத்தம் கேட்கும். வெளியே உள்ள 10 மீட்டரை மட்டும் முக்கால் இஞ்சாக மாற்றினால் அது 0.7 மீட்டராகிவிடுகிறது. சுவருக்குள் உள்ள அந்த 2 மீட்டர் அப்படியே இருக்கட்டும். வேலை ஒரு நாள். மாற்றும்போதே எல்போக்களைக் குறையுங்கள். வெயில் படும் பைப்புக்கு வெள்ளை எமல்ஷன் பெயின்ட் அடியுங்கள், இல்லையென்றால் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

பழைய வீடுகளின் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) தனிக் கதை. வெளியே பார்க்க உறுதியாக இருக்கும். பைப்பைக் கழற்ற உதவும் இணைப்பான யூனியன் ஒன்றைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தால் துரு மொட்டுகள் வளர்ந்து விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் இதுதான் காரணம். அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்ய முயன்றால் துரு போன இடத்தில் ஓட்டை விழும், மாற்றுவதுதான் வழி. ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் சில வீடுகளில் மின் எர்த் கம்பியைத் தண்ணீர்ப் பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். ஜி.ஐ. பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டதும் வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும். பைப்பைத் தொடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை உயர்த்துவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். உயர்த்தினால் பலன் உண்டு, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1.7 மீட்டர் இருந்த இடத்தில் இன்னொரு 1.7 மீட்டர் ஏற்றி உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் ஓட்டம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. அதே லைனை அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சாக்கினால் அந்தப் பைப்பில் ஓடும் அளவு இரண்டரை மடங்குக்கு மேல் போகும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஆறடி இரும்பு ஸ்டாண்டின் நாலு கால்களும் அந்த எடையை நாலு புள்ளிகளில் கூரைத் தளத்தில் இறக்கும். கால்கள் தூண், பீம் வரிசையில் நிற்கும்படி பொறியாளர் குறித்துக் கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். புயல் காலத்தில் காலித் தொட்டி பறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷவரையும் அழுத்தத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். எட்டு இஞ்ச் மழை ஷவர், ஒற்றைக் கைப்பிடி கன்சீல்டு டைவர்ட்டர் எல்லாம் நல்ல அழுத்தம் உள்ள அடுக்குமாடிகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றின் உள்வழிகள் குறுகல். தொட்டித் தண்ணீரை நம்பும் தனி வீட்டுக்குச் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்று இரண்டு தனிக் காக் உள்ள பழைய பாணி மிக்ஸரும், துளை பெரிதான சிறிய ஷவருமே பொருத்தம். அழகு கொஞ்சம் குறையும், தண்ணீர் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால், அல்லது பைப் முழுவதும் சுவருக்குள் இருந்தால், வாடகை வீடாக இருந்தால், பிரஷர் பம்ப் நியாயமானதுதான். அது வைக்க வேண்டிய இடம் மேல்தொட்டியின் வெளிவாய். தெரு லைன் இல்லை. இரண்டு குளியலறைக்கு நிமிடத்துக்கு 25, 30 லிட்டரை ஒன்றரை பார் அழுத்தத்தில் தரும் பம்ப் தாராளம். பெட்டியில் ‘அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் 40 லிட்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹெட் என்பது பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம். 30 மீட்டரில் ஓட்டம் பூஜ்யம். 40 லிட்டரில் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. 15 மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பொருத்தும் வரிசை: தொட்டி வாயில் வால்வு, அடுத்து மணல் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர், ஒரு யூனியன், பம்ப், இன்னொரு யூனியன், பிறகு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு), அப்புறம் ஹெடர். பம்ப்பைச் சுற்றிக்கொண்டு தொட்டியிலிருந்து ஹெடருக்கு ஒரு பைபாஸ் லைனும் அதில் ஒரு என்.ஆர்.வி.யும் கட்டாயம். மின்சாரம் போனால் தண்ணீர் அந்த வழியே பழைய வேகத்திலாவது வரும். பைபாஸில் என்.ஆர்.வி. வைக்க மறந்தால் பம்ப் தள்ளும் தண்ணீர் அதன் வழியே தொட்டிக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப் ஓடும், ஷவரில் மாற்றம் இருக்காது. பம்ப்புக்கு அப்பால் உள்ள ஏர் பைப்பை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டை மாடியில் நீரூற்றுதான். தொட்டி காலியானால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு உள்ளதாகப் பாருங்கள். நடு இரவில் பம்ப் தானாக ஓடி ஓடி நிற்கிறது என்றால் பம்ப் கெட்டுவிடவில்லை. எங்கோ ஃபிளஷ் டேங்க் கசிகிறது. அழுத்தம் கூடியதும் முதலில் வெடிப்பது கழிவறை ஹெல்த் ஃபாசெட்டின் ஓஸ். வெளியூர் போகும்போது அதன் ஆங்கிள் காக்கை அடைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாகத் தெருப் பக்கம். மெயின் லைனிலிருந்து ஃபெரூல் (மெயினில் வீட்டு இணைப்பைப் பொருத்தும் முனை) வழியாக வரும் இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால், அந்தத் தெரு மெயினில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. மெயினின் இணைப்புகளில் சிறு கசிவுகள் எப்போதும் இருக்கும். அழுத்தம் இருக்கும் வரை அவற்றின் வழியே தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் எதிர்மறையானால் பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் உள்ளே வரும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கும்தான் வரும். அதனால்தான் உள்ளாட்சிகள் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிக்கின்றன.

விதிக்கு உட்பட்டே செய்யக்கூடியவை இருக்கின்றன. தண்ணீர் வரும் அதே நிமிடத்தில் அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளில் வாளி வைத்து அளங்கள். எல்லோருக்கும் மந்தம் என்றால் மெயினில் குறை. வால்வு ஆபரேட்டரிடமோ உதவிப் பொறியாளரிடமோ தெருவாகச் சேர்ந்து போக வேண்டும். உங்களுக்கு மட்டும் என்றால் ஃபெரூல், தண்ணீர் அளக்கும் மீட்டரின் ஜல்லடை, அல்லது மண்ணுக்குள் கசியும் இணைப்புப் பைப். ஃபெரூலையும் மீட்டரையும் அவர்கள்தான் தொட வேண்டும். மனுவில் மூன்று வீட்டின் வாளி அளவையும் எழுதிக் கொடுத்தால் ‘ஏரியாவிலேயே பிரஷர் இல்லை’ என்று தட்டிக் கழிக்க முடியாது.

மீட்டருக்கு இப்பால் உள்ளது உங்கள் பொறுப்பு. அங்கே வாஷர் வைத்த பழைய ஸ்டாப் காக்கை எடுத்து முழுத்துளை பால் வால்வு போடுங்கள். சம்ப் வரை ஒரு இஞ்ச் பைப்பை நேராக ஓட்டுங்கள். சம்ப்பில் மிதவை வால்வு வைத்திருந்தால் அது உயர் அழுத்த வகையா என்று பாருங்கள். அதன் துளை மிகச் சிறியது. மந்தமான தெரு அழுத்தத்துக்குப் பெருந்துளை உள்ள குறை அழுத்த வகையே ஏற்றது. எல்லாவற்றையும்விடப் பலன் தருவது நுழைவுக் குழாயின் உயரம். தெருவில் அழுத்தமே ஒன்றிரண்டு மீட்டர்தான் என்றால், முற்றத்தில் மூன்றடி உயரத்தில் நிற்கும் குழாய்க்கும் தரைக்கு மூன்றடி கீழே சம்ப்புக்குள் திறக்கும் குழாய்க்கும் உள்ள 1.8 மீட்டர் வித்தியாசம் பெரிய சொத்து. ஆனால் சம்ப்பில் நீர் எவ்வளவு ஏறினாலும் அந்த வாய்க்கு அரையடி கீழேயே நிற்க வேண்டும். வாய் மூழ்கினால், தெருவில் தண்ணீர் நின்றதும் உங்கள் சம்ப் தண்ணீர் மெயினுக்குள் பின்னோக்கி இழுக்கப்படும். வாயைத் தாழ்த்தினால் சம்ப்பின் கொள்ளளவு குறையும். புதிதாகக் கட்டுபவர்கள் அந்த ஆழத்தைச் சேர்த்தே தோண்டுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் ஐந்து பேருக்கு 675 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில், ஒரு முறை தவறினாலும் தாங்க நான்கு நாள் தண்ணீர், அதாவது 2,700 லிட்டர் சம்ப் வேண்டும்.

உள்ளாட்சிகளிடம் ஒரு கோரிக்கை. மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு (1999) ஃபெரூல் முனையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை ஒரு மாடி வீட்டுக்கு 7 மீட்டர், இரு மாடிக்கு 12, மூன்று மாடிக்கு 17 என்று வகுத்திருந்தது. ஒவ்வொரு வார்டிலும் கடைக்கோடித் தெருவின் ஃபெரூல் முனையில் மாதம் ஒரு முறை அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணையும் தண்ணீர் திறக்கும் நேரத்தையும் வார்டு அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். வீடு கட்ட அனுமதி கேட்பவரிடம் குழாய் வரைபடத்தையும் கேட்டு, பைப்பின் விட்டம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் அதுவரை செய்யக்கூடியது ஒன்று: சுவர் பூசுவதற்கு முன் எல்லாக் குளியலறைக் குழாய்களையும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வரும் பிளம்பர் எந்த டைலைத் தட்டுவது என்று கேட்கும்போது தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை